சாவடிக்கு உள்ளே ஒரு வீடு: கோலாலம்பூர் வட்டாரக் காவல் குடியிருப்புகளில் வாழ ஒரு வழிகாட்டி

பூச்சோங்கிலோ செராசிலோ சுபாங் ஜெயாவிலோ தரை வீடு பார்க்கப் போகிறவர்களிடம் முகவர், வீட்டின் அறைகளைக் காட்டுவதற்கு முன்பே, நுழைவாயிலில் நிற்கும் காவல் சாவடியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். இருபத்துநான்கு மணி நேரக் காவல், கண்காணிப்புக் கேமரா, வருகையாளருக்குக் கியூஆர் குறியீடு என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். அவரை நிறுத்திக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சாவடி யாருடைய சாலையில் நிற்கிறது? மாதக் கட்டணத்தைக் கட்டியே தீர வேண்டுமா, குழி விழுந்த சாலையை யார் செப்பனிடுவார்கள், வாசலில் பந்தல் போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், தகராறு முற்றினால் எங்கே முறையிடுவது என்பன எல்லாம் இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

பட்டாவைப் பார்த்துத் தொடங்குங்கள்

மலேசியாவில் காவல் குடியிருப்புகள் இரண்டு வகைப்படும். வெளித்தோற்றத்தில் இரண்டிலும் அதே சாவடி, அதே தடுப்புக் கம்பம், அதே சீருடை என்பதால், பல ஆண்டுகள் அங்கேயே வசிப்பவர்கள்கூடத் தாம் எந்த வகையில் இருக்கிறோம் என்று அறியாமல் இருப்பதுண்டு.

முதல் வகை ஸ்ட்ராட்டா பட்டா கொண்டது. இங்கே உங்கள் மனையும் வீடும் உங்களுடையவை. சுற்றுமதில், உள்சாலை, தெருவிளக்கு, வடிகால், பூங்கா, சாவடி ஆகிய அனைத்தும் உரிமையாளர்கள் எல்லாருக்கும் பொதுவான தனியார் சொத்து. காஜாங்கின் கன்ட்ரி ஹைட்ஸ், சுங்கை பூலோவின் சியராமாஸ் போன்ற முன்னோடிக் குடியிருப்புகள் எழுந்த காலத்தில் தரை வீடுகளுக்கு இத்தகைய பட்டா கிடையாது. வாங்குபவர் கையெழுத்திடும் ஒப்பந்தங்களை நம்பியே அவை நடந்தன. 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டத்தில் செய்யப்பட்டு 2007 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தம்தான் தரை வீடுகளையும் இந்த முறைக்குள் கொண்டுவந்தது. இவற்றின் அன்றாட நிர்வாகம் இன்று 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அச்சட்டம் 2015 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.

இரண்டாம் வகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பட்டா இருக்கும். சாலை பொதுச் சாலை. விளக்கும் வடிகாலும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அந்தத் தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) குடியிருப்பாளர் சங்கம், ஊராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெற்று, அந்தப் பொதுச் சாலையில் ஒரு சாவடியை வைத்துக் காவல் நிறுவனத்தை அமர்த்துகிறது. இச்சங்கம் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இத்தகைய தாமான்களுக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 2010இல் திட்டமிடல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. மாநிலங்களும் தத்தம் விதிகளை வைத்திருக்கின்றன. பொதுச் சாலையைப் பூட்டி வைக்கக்கூடாது, சங்கத்தில் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பவை இவ்விதிகளின் சாரம்.

எந்த வகை என்று அறிய எளிய வழி, மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் வீடானால் விற்பனை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பார்ப்பதுதான். தனிப் பட்டா வீட்டுக்கு அட்டவணை ‘ஜி’ என்றும் ஸ்ட்ராட்டா வீட்டுக்கு அட்டவணை ‘எச்’ என்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய வீடானால் வழக்கறிஞரிடம் நில அலுவலகத் தேடலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாடகைக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது; வீட்டுக்காரர் கட்டணம் கட்டத் தவறினால் நுழைவு அட்டை முடக்கப்பட்டு வாசலில் நிற்கப் போவது வாடகைக்காரர்தான்.

கட்டணம்: யார் கட்டாயம் கட்ட வேண்டும்?

ஸ்ட்ராட்டா குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் சட்டப்படியான கடன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளின் அடிப்படையில் அது கணக்கிடப்படுவதால் பெரிய மனைக்காரர் அதிகம் செலுத்துவார். பட்டாக்கள் வெளியாகும்வரை குடியிருப்பை நடத்தும் கூட்டு நிர்வாக அமைப்பு இயங்கும் காலத்தில் கட்டணத்தின் பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் என்னும் தனி நிதிக்கும் சேர்த்துச் செலுத்தப்பட வேண்டும். மாதக் கட்டணம் 300 ரிங்கிட் என்றால், மேலும் 30 ரிங்கிட். இந்த நிதி சாயம் பூசுதல், கேமராக்களை மாற்றுதல் போன்ற பெருஞ்செலவுகளுக்கானது. அதிலிருந்து மாதாமாதம் காவலாளிக்குச் சம்பளம் போகிறது என்றால் அந்த நிர்வாகம் தள்ளாடுகிறது என்று பொருள். வீடு வாங்குமுன் கடைசித் தணிக்கைக் கணக்கைக் கேட்டு, இந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், வசூலாகாத பாக்கி எவ்வளவு என்பதையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள். நீச்சல் குளத்தின் அழகைக் காட்டிலும் இந்த இரண்டு எண்களே அந்தக் குடியிருப்பின் அடுத்த பத்தாண்டைச் சொல்லும்.

கட்டணம் கட்டாதவருக்கு 14 நாள் அவகாசம் தந்து எழுத்துமூலம் அறிவிப்பு வரும். அதன் பிறகும் செலுத்தாமல் இருப்பது குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேற்படாத வட்டியும் சேரலாம். பாக்கிதாரர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், நுழைவு அட்டையை முடக்குவதும் 2015ஆம் ஆண்டின் விதிமுறைகளிலேயே அனுமதிக்கப்பட்டவை. ஆகவே, “என் பெயரை எப்படி ஒட்டலாம்?” என்று அலுவலகத்தில் போய்க் கூச்சலிடுவதில் பயனில்லை.

தனிப் பட்டாத் தாமானில் நிலைமை வேறு. அங்கே கட்டணம் விருப்பத்தின்பேரில் செலுத்துவது. சங்கத்தில் சேராதவரையும் அவருடைய வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்க முடியாது. ஆனால் கட்டாதவருக்கும் கட்டுபவருக்கும் ஒரே வசதி கிடைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. கோத்தா டாமான்சாராவின் ஒரு குடியிருப்பைப் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. கட்டணம் செலுத்தாத ஒரு குடியிருப்பாளர், காவலாளி தமக்குத் தடுப்புக் கம்பத்தை உயர்த்தித் தருவதில்லை, தாமே இறங்கி உயர்த்த வேண்டியிருக்கிறது என்று முறையிட்டார். ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு வைக்கப்பட்ட சாவடியும் கம்பமும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துபவையே தவிரச் சாலை மறிப்பு ஆகா. அவருக்கு நேர்ந்தது வெறும் அசௌகரியமே என்று நீதிமன்றம் கருதியது.

சட்டம் இப்படி இருந்தாலும், தனிப் பட்டாத் தாமானின் காவல் நிலைப்பது வசூலைப் பொறுத்ததுதான். 150 வீடுகள், வீட்டுக்கு 100 ரிங்கிட், காவல் நிறுவனத்துக்கு மாதம் 12,000 ரிங்கிட் என்று ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். எல்லாரும் கட்டினால் 3,000 ரிங்கிட் மிச்சம். எழுபது விழுக்காட்டினர் மட்டும் கட்டினால் 1,500 ரிங்கிட் துண்டு விழும். துண்டு விழுந்ததும் சங்கம் இரவு ரோந்துக்காரரை நிறுத்தும், ரோந்து நின்றதும், “காவலே இல்லாதபோது காசு எதற்கு?” என்று இன்னும் பத்து வீட்டார் நிறுத்துவார்கள். ஒரு சாவடிக்கு ஆள் வைப்பது தோற்றத்துக்கு எளிதாக இருந்தாலும், பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையில் இரண்டு பேரும், அவர்களின் ஓய்வு நாளுக்கு மாற்றாள் ஒருவரும் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது. ஆகவே கட்டணம் உயரும்போது சங்கத்தின்மேல் உடனே ஐயப்படாமல் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்ப்பதே முறை.

வாசலில் நடப்பவை

காவலாளியிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதைக் கூடாது என்பதில் குழப்பம் மிகுதி. வருகிறவரின் பெயர், வண்டி எண், போகும் வீடு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிச் சாவடியில் வைத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்குக் கிடையாது; 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகள் அந்த அதிகாரத்தைப் பதிவு அதிகாரி, பணியிலுள்ள காவல் துறையினர் போன்ற சிலருக்கே அளிக்கின்றன. ஊரிலிருந்து வரும் உங்கள் மாமாவிடம் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால், காவலாளியோடு வாதாட வேண்டாம். அவர் செய்வது அவருக்குச் சொல்லப்பட்டதை. நிர்வாகத்துக்கு எழுத்தில் எழுதுங்கள்.

சாவடியின் பதிவுப் புத்தகத்தையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கோடிட்ட தடித்த நோட்டுப் புத்தகம். ஓரம் சுருண்டு, நூலில் கட்டிய பேனாவோடு சன்னல் கட்டையில் விரித்தபடி கிடக்கும். அன்று காலையிலிருந்து வந்துபோன அத்தனை பேருடைய பெயரும் தொலைபேசி எண்ணும், யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்பதும், அடுத்துக் கையெழுத்திட வரும் எவருக்கும் திறந்த ஏடு. அதன்மேல் அட்டை ஒன்றை வைத்து மறைக்கச் சொல்வது பைசாச் செலவில்லாத பாதுகாப்பு. செயலியில் முன்பதிவு செய்யும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வயதான உறவினர்களுக்குக் கியூஆர் குறியீட்டை அனுப்பினால் மட்டும் போதாது, வண்டி ஓட்டி வரும் பிள்ளைக்கும் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரியம்மா தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் ஐந்து கார் நின்றுவிடும்.

காவல் நிறுவனம் 1971ஆம் ஆண்டின் தனியார் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றதா என்று நிர்வாகக் குழுவிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளிநாட்டவரில் நேப்பாளியரை மட்டுமே காவலாளியாக அமர்த்த அரசாங்கம் அனுமதிக்கிறது. உள்நாட்டவரில் ஓய்வு வயதைத் தாண்டிய நம்மவர்களையும் இரவுப் பணியில் காணலாம். தோட்டத்துத் துரை பங்களாவின் வாசலில் ஜாகா (காவற்காரர்) நின்ற காலத்தைத் தம் அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். “ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் உங்கள் வீட்டு விளக்கு எரிவதை அவர் கவனிப்பார். அதற்காகச் சாவடி இருக்கும் துணிவில் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. திருடன் தடுப்புக் கம்பத்தின் வழியாக வருவதைவிடப் பின்வடிகால் ஓரமாக மதிலேறி வருவதையே விரும்புவான். ரோந்துக்காரர் பின்சந்து வழியாகப் போகிறாரா, தொட்டுப் பதியும் கருவி அங்கே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விழாவும் துக்கமும்

நம்மவர் வீடுகளில் கூட்டம் கூடாத ஆண்டு கிடையாது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, நிச்சயதார்த்தம், காதுகுத்து, தைப்பூசத்துக்கு முந்தைய பூசை என ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஸ்ட்ராட்டா குடியிருப்பில் வீட்டுக்கு முன்னால் உள்ள சாலை உரிமையாளர்கள் எல்லாருக்கும் பொதுவான தனியார் சொத்து என்பதால் பந்தலுக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தனிப் பட்டாத் தாமானில் அது பொதுச் சாலை என்பதால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், சங்கத்துக்குத் தெரிவிப்பது மரியாதை. இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பந்தல்காரரின் லோரியின் உயரத்தை விசாரித்துச் சொல்லுங்கள். சில வாசல்களில் மேல்விட்டம் தாழ்வாக இருக்கிறது. பந்திக்கு உணவு கொண்டுவருபவர், நாற்காலி இறக்குபவர், மேளக்காரர் ஆகியோரின் வண்டி எண்களை ஒரே தாளில் எழுதிச் சாவடியில் முதல் நாளே கொடுத்துவிட்டால், பகல் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் தொலைபேசி ஓயாமல் அடிக்காது. மேளமோ உறுமியோ வைப்பதானால் இருபுறத்து வீட்டாரிடமும் எதிர்வீட்டாரிடமும் நேரில் போய், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிடுங்கள். முடியும் நேரத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலோர் முகம் சுளிப்பதில்லை.

துக்கத்துக்கு இரண்டு வார அவகாசம் கிடையாது. செராசில் ஒரு குடியிருப்பில் பெரியவர் ஒருவர் காலமான இரவில் நான் பார்த்தது: பதினொரு மணிக்கு மேல் ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் உறவினர்களின் கார்கள் வரிசையாக வந்து நிற்க, புதிதாகப் பணிக்கு வந்திருந்த காவலாளி ஒவ்வொரு காரிலும் குனிந்து வீட்டு எண்ணைக் கேட்டு, அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் தொலைபேசியை எடுக்கும் நிலையில் யாரும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டுச் சீனர் ஒருவர் சாவடிக்கு நடந்து வந்து, அவரே நின்று கார்களை உள்ளே அனுப்பி வைத்தார். இத்தகைய இரவுக்கென்று நிர்வாகம் ஒரு நடைமுறையை எழுதி வைத்திருக்க வேண்டும்: துக்க வீடு என்று ஒருவர் சொன்னதும் தடுப்புக் கம்பம் உயர்த்தியே வைக்கப்பட வேண்டும், வண்டி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், சவ ஊர்திக்கும் பந்தல் லோரிக்கும் முன்பதிவு கேட்கக்கூடாது. உங்கள் குடியிருப்பில் அப்படி ஒன்று இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் நீங்களே முன்மொழியலாம். குடும்பத்தின் பக்கத்திலும் ஓர் ஏற்பாடு வேண்டும். துக்கம் நேர்ந்த வீட்டின் பிள்ளைகளுக்கு வேறு வேலைகள் இருக்கும். மருமகனோ பக்கத்து வீட்டு நண்பரோ ஒருவர் சாவடியிலேயே நிற்பதும், எடுக்கும் நேரம் எத்தனை மணி, மின்சுடலை கம்போங் துங்குவா செராசா என்பதை வருகிறவர்களுக்குச் சொல்வதும் அவர் பொறுப்பு.

அவசர ஊர்திகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 999ஐ அழைத்த கையோடு சாவடியையும் அழைத்து, எந்த வாசல் வழியாக ஆம்புலன்ஸ் வரும் என்று சொல்லுங்கள். இரவில் ஒரு வாசலைச் சாத்திவிடும் தாமான்களில், வழிகாட்டிச் செயலி ஓட்டுநரைச் சாத்திய வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்துவதுண்டு.

கூட்டத்துக்குப் போங்கள்

ஸ்ட்ராட்டா குடியிருப்பில் வீட்டுச் சாவி கைக்கு வந்த பன்னிரண்டு மாதத்துக்குள் மேம்பாட்டாளர் முதல் பொதுக்கூட்டத்தைக் கூட்டிக் கூட்டு நிர்வாக அமைப்பை உருவாக்க வேண்டும். பின்னர்ப் பட்டாக்கள் வெளியானதும் பொறுப்பு நிர்வாகக் கழகத்துக்கு மாறும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர். அரை மணி நேரம் காத்திருந்தும் கோரம் சேராவிட்டால், வந்திருப்பவர்களே கோரம் ஆகிவிடுவார்கள். இந்த விதி தெரியாதவர்கள்தான், “என்னைக் கேட்காமல் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள்” என்று பிறகு வருந்துகிறார்கள். முந்நூறு வீடுகளில் இருபது பேர் வந்திருந்தால் அந்த இருபது பேர் எடுக்கும் முடிவு முந்நூறு பேரையும் கட்டுப்படுத்தும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகவே பாக்கியைச் செலுத்திவிடுங்கள். பாக்கி இருந்தால் வாக்கு இல்லை. கூடுதல் துணைவிதிகளை நிறைவேற்றச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு 21 நாள் அறிவிப்பும் முக்கால் பங்கு ஆதரவும் வேண்டும். அப்படி நிறைவேறிய விதி வலிமையானது: மோன்ட் கியாராவின் ஓர் அடுக்ககம் குறுகிய கால வாடகையைத் தடை செய்தது செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. வார இறுதியில் வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் துணைவிதிகளை முதலில் படிக்க வேண்டும்.

நிர்வாகக் குழுவில் நம்மவர்கள் அரிதாகவே இருக்கிறோம் என்பது என் கணிப்பு. வாட்ஸ்அப் குழுவில் எழுத நேரம் இருக்கிறது, குழுவில் உட்கார நேரம் இல்லை. மூன்று பேர் முதல் பதினான்கு பேர் வரை இடம்பெறக்கூடிய குழு அது. கணக்குத் தெரிந்த ஒருவர், கட்டுமானத் தொழிலில் இருந்த ஒருவர் இருந்தாலே அந்தக் குழுவின் தரம் மாறிவிடும்.

வீட்டைப் புதுப்பிக்க நினைத்தால் இரண்டு அனுமதிகள் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்: ஊராட்சி மன்றத்தின் அனுமதி ஒன்று, நிர்வாகத்தின் அனுமதி இன்னொன்று. வைப்புத்தொகை கட்டும்போது, எதிர்ப்புறச் சாலையும் வடிகாலும் எந்த நிலையில் இருந்தன என்று படம் எடுத்து வைத்துக்கொண்டால், வேலை முடிந்தபின் பழைய வெடிப்புக்கு உங்களிடம் பணம் பிடிக்க மாட்டார்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்தும் பதில் இல்லையென்றால், ஸ்ட்ராட்டா குடியிருப்பினர் தம் வட்டார ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் போகலாம். 250,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைகளை ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கும். தனிப் பட்டாத் தாமானில் சாவடியைப் பற்றிய குறைக்கு ஊராட்சி மன்றத்தையும், சங்கத்தின் கணக்குவழக்குக்குச் சங்கங்களின் பதிவிலாகாவையும் நாட வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளின் திரைப்பிடிப்பைவிடத் தேதியிட்ட கடிதமும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் அங்கே அதிகம் பேசும்.

வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது கட்டண நிலுவை இல்லை என்ற கடிதத்தை நிர்வாகத்திடம் வாங்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள். வண்டியில் ஒட்டிய நுழைவுச் சில்லை ரத்து செய்யுங்கள், அட்டைகளைத் திருப்பித் தந்து வைப்புத்தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள், செயலியிலிருந்து உங்கள் எண்ணை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது வீட்டுக்காரரின் விருந்தாளிகளை உள்ளே விடலாமா என்று கேட்டு உங்களுக்குத்தான் அழைப்பு வந்துகொண்டிருக்கும்.